வெறுமையாக விட்ட நான்காம் வரி

எங்கள் ஊர் கல்லடிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. மேற்கே பத்து நிமிடம் நடந்தால் வாவி. கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் கடல். இராணுவம் இந்த ஊரைச் சுற்றிவளைக்க அதிக ஆட்கள் தேவையில்லை. வடக்கிலும் தெற்கிலும் வீதியை மறித்தால் போதும், மற்ற இரண்டு பக்கத்தையும் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கரையில் நின்று, எவ்வளவு வடிவான இடம் என்பார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது ஓட வழியில்லை என்பதுதான்.

நான் ஆசிரியர். பிறந்தது வாழைச்சேனைப் பக்கம். கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆண் அங்கே போய்ச் சேர வேண்டியவன். மனைவியின் தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. எங்கள் கல்யாணத்தின்போது அவன் அரைக் காற்சட்டை போட்ட பிள்ளை. பிறகு வளர்ந்து இளந்தாரியாகி, வாழைச்சேனையில் என் உறவினர் ஒருவரின் மீன் வாடியில் வேலைக்குச் சேர்ந்தான். மாதத்தில் இரண்டு முறை வருவான். அவன் வந்தால் மனைவியின் குரலே மாறிவிடும்.

சண்டை இரண்டாம் முறையாகத் தொடங்கியபோது எங்கள் மகளுக்கு நான்கு வயது. அப்போதுதான் இராணுவ முகாமிலிருந்து வீட்டுப் பதிவுப் படிவங்கள் வந்தன. வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயர், வயது, உறவுமுறை எழுதி இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். ஒன்று முகாமில் இருக்கும். மற்றது முத்திரை குத்தப்பட்டு வீட்டுக்கு வரும். சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்தால் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துத் தலைகளை எண்ணுவார்கள். பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால் ஒரு கேள்வி. ஆள் இருந்து பெயர் இல்லாவிட்டால் வேறு கேள்வி. இரண்டுக்குமே நல்ல பதில் கிடையாது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். கேற்றடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அடுத்த வீட்டு அக்கா வந்தது நினைவிருக்கிறது. புருஷன் இறந்த பின் பிட்டு அவித்து விற்று ஒரே மகனை வளர்த்தவர்.

"மாஸ்டர், என்ட பேரை வடிவா எழுதுங்க. வயசில மட்டும் ஒரு அஞ்சைக் குறைங்க."

"ஆமிக்காரனுக்கு வயசைக் குறைச்சுச் சொல்லி என்னக்கா செய்யப் போறீங்க?"

"ஆர் கண்டது? நல்ல மாப்பிள்ளை ஒண்டு அமைஞ்சாலும் அமையும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய மகனுக்கு அப்போது பதினேழு வயது. நான் குரலைத் தாழ்த்தி, "தம்பிட பேரை எழுதத்தான் வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"இரிக்கிற புள்ளையை இல்லை எண்டு எழுத ஒண்ணா. எழுதுங்க" என்றார். எழுதினேன்.

கடைசியாக என் வீட்டுப் படிவம். முதல் வரியில் நான். இரண்டாம் வரியில் மனைவி. மூன்றாம் வரியில் மகள். நான்காம் வரியில் பேனை நின்றது. மச்சான் மாதத்தில் நாலு நாள்தான் இங்கே இருக்கிறான். அவன் பெயரை எழுதி, அவன் இல்லாத நாளில் வந்து எண்ணினால், இயக்கத்தோடு காட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்பார்கள். எழுதாமல் விடுவதுதான் புத்தி என்று முடிவு செய்தேன். குசினிக்குள் போய் மனைவியிடமும் சொன்னேன். அவள் மா அரித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். அவ்வளவுதான். வரியை வெறுமையாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வைகாசி வந்தது. கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு தொடங்கியது. ஊரை விட்டு எங்கே போயிருந்தாலும், அம்மனைக் குளிர்விக்கும் கடைசி நாள் சடங்கான குளிர்த்திக்கு வீட்டுக்கு வராமல் இருக்க யாருக்கும் மனம் வராது. குளிர்த்திக்கு முதல் நாள் பின்னேரம் மச்சான் வந்து இறங்கினான். கையில் ஐஸ் போட்ட மீன் பார்சல். வரும் வழியெல்லாம் உருகி, உடுத்திருந்த சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அத்தான், வாழைச்சேனையில இருந்து இஞ்ச மட்டும் பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கல்ல. ராசா மாதிரி வந்தன்" என்றான்.

வெளியாள் வந்தால் முகாமில் போய்ச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு முன் போனால் எழுதிக்கொள்வார்கள். அப்போது நாலரை. தேத்தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மகள் அவன் தோளில் ஏறியிருந்தாள். காலையில் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன்.

காலையில் எங்களை எழுப்பியது ஒலிபெருக்கி. ஆண்கள் எல்லோரும் பாடசாலை மைதானத்துக்கு வரவேண்டும்.

மைதானத்தில் மேசை போட்டுப் படிவங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மச்சானும் நானும் வரிசையில் நின்றோம், எங்கள் முறை வந்தது. சிப்பாய் எங்கள் வீட்டுத் தாளை எடுத்தான். என்னைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், மனைவியின் தம்பி, கோயில் திருவிழாவுக்கு வந்தவன் என்றேன். சிப்பாய் தாளை என் பக்கம் திருப்பி நான்காம் வரியில் விரலை வைத்தான். கத்தவில்லை. யார் எழுதியது என்று மட்டும் கேட்டான். நான்தான் என்றேன். மச்சானைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள்.

மதியத்துக்கு முன் ஆசிரியர்களையும் அரசாங்க வேலைக்காரரையும் போகச் சொல்லிவிட்டார்கள். நான் போனேன். மைதான வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவன் சாரனை மடித்துக் குந்தியிருந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். போங்க, போங்க என்கிற மாதிரி.

பின்னேரம் லொறிகள் கல்லடிப் பாலத்தைக் கடந்து போனதாகச் சொன்னார்கள். அடுத்த வீட்டு அக்காவின் மகனும் அன்று திரும்பவில்லை. இருவரையும் தேடி எந்தெந்த வாசலில் நின்றோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எந்த வாசலிலும் பதில் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் யாருக்கும் எந்தப் படிவமும் எழுதவில்லை. எங்கள் வீட்டுப் படிவத்தையே பாடசாலையில் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தேன். விடியப்புறம் விழித்ததும் தலைகளை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. மகளைப் பாடசாலைச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. என் தங்கை வீட்டில் ஓர் இரவு தங்கவும் விடவில்லை. கல்லடிப் பாலத்தில் இறங்கி நடந்து சோதனைச் சாவடியைக் கடக்கும்போது எப்போதும் நான் அவளுக்கு முன்னால் நடப்பேன். அதில் என்ன பாதுகாப்பு என்று எனக்கே தெரியாது.

மனைவி என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. இருப்பது அவளுடைய வீடு. நான் வந்து சேர்ந்தவன். வந்து சேர்ந்தவன், அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டவன். அவள் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலும் அதற்குள் அந்தக் குற்றச்சாட்டு இருப்பதாக எனக்குக் கேட்கும். தம்பியின் பேச்சை அவள் எடுப்பதே இல்லை. நானும் எடுப்பதில்லை.

பதினைந்து வருடங்கள் போயின. சமாதானம் என்று சொன்ன காலம் ஒன்று வந்து, முடிந்தும் போனது. மீண்டும் சாவடிகளில் மண்மூட்டைகள் ஏறின. மீண்டும் வீட்டுப் பதிவுப் படிவங்கள் வந்தன. அதே கிழமையில் மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. கண்டியில் தாதியர் பயிற்சிக்கு அவள் தெரிவாகியிருந்தாள்.

விடுதியில் தங்க வேண்டும். விடுதியில் அவள் பெயரைப் பதிவதற்கு, எங்கள் வீட்டுப் பதிவிலிருந்து பெயரை எடுத்ததாகக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். நேராகச் சொன்னால், நான் மறுபடியும் ஒரு படிவத்தில் ஒரு பெயரை எழுதாமல் விட வேண்டும். இந்த முறை மூன்றாம் வரி.

கடிதத்தையும் படிவத்தையும் அலுமாரி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"அப்பா, நாளைக்கு விதானையாரிட்டப் போவமா?" என்று மகள் கேட்பாள். கிராம சேவகரை நாங்கள் விதானையார் என்றுதான் சொல்வோம்.

"பாப்பம்."

"பாப்பம் பாப்பம் எண்டு நீங்க பாத்துக்கிட்டே இரிங்க. அங்க என்ட கட்டில்ல வேற ஆள் படுத்து நித்திரையும் கொண்டிரும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசித் திகதிக்கு ஐந்து நாள் இருந்தது. தவறினால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தவறட்டும் என்றுதான் என் மனம் விரும்பியது. மகள் வாழ்நாள் முழுக்க என் மேல் கோபமாக இந்த வீட்டுக்குள் இருக்கட்டும்; நான் காலையில் எழுந்து மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் அடுத்த வீட்டு அக்கா வந்தார். பிட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலை முந்தானையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார்.

"மாஸ்டர், இதை எழுதித் தாங்க. ஒரே ஒரு பேர்தான். கண் தெரியுதில்ல எனக்கு."

"ஆரும் புள்ளையளைக் கொண்டு எழுதுவியுங்க அக்கா."

"பதினைஞ்சு வருசமா இதைத்தானே சொல்லுறீங்க. ஒவ்வொரு முறையும் ஆரையாவது பிடிச்சுக் கெஞ்ச வேண்டிக் கிடக்கு. ஏன், கை சுளுக்கிட்டா?"

எனக்கு என்ன நடந்ததோ தெரியவில்லை. லாச்சிக்குள் கிடந்த தாளின் பாரமாக இருக்கலாம். "எழுத ஏலாதக்கா. நான் எழுதப் போய் ஓராளைச் சாகடிச்சவன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஆரைச் சாகடிச்சீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? மச்சானை. அவன்ட பேரை நான் எழுதாம விட்டதாலதானே..."

"என்ட மகன்ட பேரை எழுதினீங்களா இல்லையா?"

"எழுதினன்."

"பிழையில்லாம எழுதினீங்களா?"

"ஓம்."

"அப்ப அவன் எங்க?"

அவர் மகனின் பெயரை எழுதியது என் கைதான். அவன் திரும்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. முகத்தை மூடிய தலையாட்டி யாரோ அவனைக் காட்டிக்கொடுத்திருப்பான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னேன்.

"அண்டைக்குத் தலையாட்டி ஒருத்தனும் வரல்ல" என்றார். "நீங்க வீட்ட வந்திட்டீங்க. நான் பள்ளிக்கூட வேலியடியில நிண்டு கடைசி மட்டும் பாத்தன். இளந்தாரியளாப் பாத்துப் பிரிச்சாங்கள், ஏத்தினாங்கள். பேர் இருந்தவனும் ஏறினான், பேர் இல்லாதவனும் ஏறினான். ஒரே லொறி. உங்கட மச்சான்தான் என்ட மகனைக் கை குடுத்துத் தூக்கி ஏத்தினவன்."

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்கட பேனைக்கு அவ்வளவு பெலன் எண்டு நினைச்சுக்கிட்டா இரிக்கிறீங்க மாஸ்டர்? பெரிய ஆள்தான் நீங்க" என்றார். பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "நானும் நினைச்சன். நீங்க யோசிக்கச் சொன்ன நேரம் கேட்டிருந்தா எண்டு எத்தனை நாள் நினைச்சிருப்பன். மறுகா விடியக்க எழும்பி மா அவிக்க வேணும். நினைச்சுக்கிட்டு இருந்தா அடுப்பு எரியாது."

இதனால் என் பாரம் இறங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். சிப்பாய் விரல் வைத்த இடம் நான் வெறுமையாக விட்ட இடம்தான். பெயர் இருந்திருந்தால் அவனை விட்டிருப்பார்களா என்ற கேள்விக்கு அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் பதினைந்து வருடமாக நான் அதற்கு விடை தெரிந்தவனைப் போல, நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று முதன்முறையாகத் தெரியாது என்று எனக்கு நானே சொன்னேன். அந்தச் சொல்லும் பயமாகத்தான் இருந்தது. குற்றவாளி நான் என்றால், நான் கவனமாக இருந்தால் போதும். காரணமே இல்லாமல் ஏற்றினார்கள் என்றால், என் கவனத்தால் என்ன செய்ய முடியும்?

அக்காவின் படிவத்தை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினேன். வயதைக் கேட்டேன்.

"எழுதுங்க, உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றவர், கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "அஞ்சைக் குறைக்க மறக்க வேணாம்" என்றார்.

மனைவி குசினிக்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பின்னேரம் மகளும் நானும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்க, ஒண்டு சொல்லுறன். அவன் என்ட தம்பி. உங்கட குற்றம் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அவன் என்ட தம்பியாத்தான் இருந்தவன். நீங்க அவனை உங்கட குற்றமா ஆக்கி வைச்சிட்டீங்க. அவன்ட பேரைச் சொன்னாலே உங்கட முகம் செத்துப் போகும். அதைப் பாக்க ஏலாம நான் வாயை மூடிக்கிட்டு இருந்தன். பதினைஞ்சு வருசமா இந்த வீட்டில அவனைப் பத்தி ஒரு கதை கதைக்க எனக்கு ஆள் இல்லை."

"உனக்கு என்னில கோவம் இல்லையா?"

"இருந்தது. முதல் வருசம் நல்லாவே இருந்தது. மறுகா எங்க போச்சு எண்டு தெரியல்ல. தேடிப் பாக்கவும் இல்லை."

என்னைக் குற்றம் சொல்கிறது என்று நான் நினைத்த மௌனத்துக்குள் அவள் எனக்காகக் காவல் இருந்திருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது மகள் கேட்டாள்.

"எனக்கு மாமாட முகம் நினைவில்லை. தோளில ஏறி இருந்தது மட்டும் தெரியும். சாரன் ஈரமா இருந்தது. ஏன் ஈரம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். ஐஸ் மீன், உருகின தண்ணீர், பஸ்ஸில் ராசா. மனைவி மிச்சத்தைச் சொன்னாள். அந்த மீன் பார்சலைப் பிரித்தபோது பாதி மீன் பழுதாகியிருந்ததாம். தம்பியின் மனம் நோகும் என்று அவள் மறைவாக வளவில் புதைத்ததும், அடுத்த வீட்டு நாய் அதைத் தோண்டி இழுத்து வந்து சரியாக அவன் காலடியிலேயே போட்டதும் எனக்கே தெரியாத கதை. "அக்கா, இந்த நாயும் வாழைச்சேனையில இருந்தா வருகுது?" என்று கேட்டானாம். சொல்லிவிட்டு மனைவி சிரித்தாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மகள் எழுந்து போய்த் தாயின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் லாச்சியைத் திறந்தேன். முதல் வரியில் நான், இரண்டாம் வரியில் மனைவி. மூன்றாம் வரிக்கு வந்தேன். பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறுபடி எடுத்து, பெயர் எழுதாமல், ஒரு கோடு மட்டும் கீறினேன். வெறுமையாக விட என்னால் முடியவில்லை. விதானையார் கடிதம் தந்தார். முகாமில் முத்திரை குத்தினார்கள். அங்கே நின்ற பத்து நிமிடமும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

புறப்படும் நாள் காலையில் மகளும் நானும் பாலத்தை நடந்து கடந்தோம். சாவடியில் அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். நான் வழமைபோல முன்னால் போகப் பார்த்தேன். "அப்பா, நான்தானே போற ஆள். நான் முன்னுக்குப் போறன்" என்று அவள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அவளுடைய தலைமுடிப் பின்னலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாலத்துக்கு அப்பால் புளியந்தீவில் பஸ் நின்றது. ஏறி யன்னலோரம் உட்கார்ந்தாள். இயந்திரம் உறுமத் தொடங்கிய பிறகு யன்னலால் எட்டி, "வைகாசியில குளிர்த்திக்கு வரட்டா அப்பா?" என்று கேட்டாள்.

பதிவில் பெயர் இல்லாத பிள்ளை, சடங்குக்கு வீட்டுக்கு வருகிறது. என் கண்ணுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி வந்து நின்றது. வராதே, அங்கேயே இரு, சடங்கு வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்ற சொல் தொண்டைக்குள் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"வா" என்றேன். "ஒரு கிழமைக்கு முந்தியே சொல்லு. நான் முகாமில பேர் எழுதிக் குடுத்து, முத்திரை குத்தின தாளோட இந்த இடத்தில நிப்பன்."

"மீன் கொண்டு வரட்டா?"

"கண்டியில ஏது மீன்?"

"அப்ப ஐஸை மட்டுமாவது கொண்டு வாறன்."

பஸ் போய்விட்டது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. திரும்பும்போது பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிப்பாய் நிற்காமல் நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். நடந்தேன்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. விதானையார் கந்தோருக்குப் போய், வெளியாள் வந்து தங்குவதைப் பதியும் படிவம் ஒன்று கேட்டேன்.

"ஆர் வாறாங்க?" என்றார்.

"மகள்."

"காலையிலதானே போனவ?"

"வைகாசியில வருவா."

அவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அது ஆவணி மாதம். தலையை ஆட்டிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். கந்தோர் வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, முதல் வரியில் மகளின் பெயரைத் தெளிவாக எழுதினேன். வயது எழுதினேன். உறவுமுறை எழுதினேன். திகதியை மட்டும் வெறுமையாக விட்டேன்.